கையில் பட்ட நாளும் மருந்து ஏறிய நாளும்

அத்தையின் தையல் மிஷின் டிராயரில் பாபின், சாக்பீஸ், ஊசிப் பொட்டலம் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சின்ன டப்பா நிறையக் கடுகு இருக்கும். சமையல்கட்டில் இருக்க வேண்டியது இங்கே எதற்கு என்று கேட்டால், "எடைக்குடி" என்று மட்டும் சொல்வார். வளர்ந்த பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. இடது மார்பை எடுத்துவிட்ட இடத்தில் வைத்துக்கொள்ள மல் துணியில் அவரே ஒரு பை தைத்து வைத்திருந்தார். முதலில் பஞ்சு வைத்துப் பார்த்திருக்கிறார். கனம் போதாமல் ரவிக்கை ஒரு பக்கமாக மேலே ஏறிக்கொண்டது. அடுத்து கேழ்வரகு, அது வண்டு பிடித்தது. கடைசியில் கடுகு. வழவழப்பான மணி, குனிந்தால் நிமிர்ந்தால் உள்ளே நகர்ந்து கொடுக்கும், கனமும் சரியாக நிற்கும். அவ்வப்போது பையின் வாயைப் பிரித்துக் கடுகை முறத்தில் கொட்டி, மொட்டைமாடியில் காயவைத்து, பையைத் துவைத்து மறுபடி தைப்பார். ஓரத்தில் அவர் போடுவது ராணுவச் சட்டைக்குப் போடுகிற இரட்டைத் தையல்.

அத்தைக்கு ஆவடி ஓ.சி.எஃப்.பில் வேலை. 1961-ல் வந்த ராணுவ உடைத் தொழிற்சாலை அது. பக்கத்திலேயே டாங்கி செய்யும் எச்.வி.எஃப்.; அங்கே அப்பா. 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்த கதையை அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எல்லையில் குளிரில் நிற்கிறவன் போட்டிருக்கும் கோட்டுக்குப் பொத்தான் வீடு போட்டவள் தன் தங்கை என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. அத்தையும் சொன்னதில்லை. அந்தத் தலைமுறைப் பெண்கள் எதையும் சத்தமாகச் சொல்லப் பழகவில்லை, உடம்பைப் பற்றி மட்டும் எப்படிச் சொல்லுவார்கள்?

எண்பதுகளின் நடுவில் ஒரு ஐப்பசியில், குளிக்கும்போது அவர் கையில் அந்தக் கட்டி பட்டது. மகளுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பத்திரிகை, மண்டபம், சீர் என்று ஓடிக்கொண்டிருந்த வீட்டில் இதைச் சொன்னால் கல்யாணம் தள்ளிப்போகும். பெண்ணின் தாய்க்கு அந்த வியாதியாம் என்று சம்பந்தி வீட்டில் பேச்சு வரும். வாயைத் திறக்கவில்லை. கல்யாணம் முடிந்தது, மறுவீடு முடிந்தது, தாலி பிரித்துக் கோர்த்ததும் முடிந்தது. பங்குனியில்தான் எங்கள் வீட்டுத் துணி துவைக்கிற கல்லருகே அம்மாவிடம் சொன்னார். "வலிக்கவே இல்ல அண்ணி. வலிச்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?"

அதே பேச்சை அதற்கப்புறம் எத்தனையோ பெண்கள் சொல்லிக் கேட்டுவிட்டேன். வலிக்கவில்லை, அதனால் ஒன்றும் இருக்காது. உண்மையில் இந்த நோய் பெரும்பாலும் வலியில்லாத கட்டியாகத்தான் முதலில் கைக்குத் தட்டுப்படுகிறது. கட்டியே தெரியாமல் தோல் ஒரு இடத்தில் குழிவதும் உண்டு. காம்பு புதிதாக உள்ளிழுப்பது, அதிலிருந்து ரத்தம் கசிவது, தோல் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி தடித்துப் புள்ளி புள்ளியாவது, அக்குளில் நெறி கட்டுவது, இவையும் உண்டு. கைக்குத் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றாக இருப்பதில்லை. ஆனால் எது எது என்று வீட்டிலிருந்து சொல்ல முடியாது. டாக்டராலும் தொட்டுப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது.

எங்கள் குடும்பத்தில் இந்தக் கதை அத்தை மறைத்த கதையாகத்தான் இன்றைக்கும் சொல்லப்படுகிறது. "அவ முன்னாடியே சொல்லியிருந்தா" என்று ஆரம்பித்து, பெருமூச்சில் முடியும். எனக்கு அந்தக் கணக்கு ஒப்பவில்லை. அத்தை மறைத்தது ஐப்பசியிலிருந்து பங்குனி வரை, ஐந்து மாதம். அதற்கப்புறம் என்ன நடந்தது? அம்மா கூட்டிக்கொண்டு போன சின்ன நர்சிங் ஹோமில் ஒரு டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "சாதா கட்டிதான், எடுத்துடலாம்" என்று மரத்துப்போகும் ஊசி போட்டுக் கட்டியை வெட்டி எடுத்தார். நாலு தையல். சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டார். வெட்டி எடுத்ததை எந்தப் பரிசோதனைக்கும் அனுப்பவில்லை. கையில் ஒரு சீட்டுகூடக் கொடுக்கவில்லை. அடுத்த ஐப்பசியில் அதே தழும்புக்குப் பக்கத்தில் கெட்டியாக வந்தது, அக்குளிலும் இரண்டு. இது ஏழு மாதம். அத்தையின் ஐந்து மாதத்தை எல்லாரும் பேசுகிறோம், இந்த ஏழு மாதத்தை யாரும் பேசுவதில்லை.

அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் அத்தையிடம் கேட்ட முதல் கேள்வியே அதுதான்: எடுத்த கட்டியின் ரிப்போர்ட் எங்கே? அம்மா திருதிருவென விழித்தாராம். முதலில் கையால் பரிசோதனை, அடுத்து ஸ்கேனோ மேமோகிராமோ, அதற்கப்புறம் ஊசி விட்டுக் கொஞ்சம் சதை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. கத்தி இந்த மூன்றும் முடிந்த பிறகுதான். ஊசி பட்டால் பரவிடும், கத்தி பட்டால் பரவிடும் என்று எங்கள் பக்கம் இன்றும் சொல்கிறார்கள். பரவாது. என்ன நோயென்று தெரியாமல் அரைகுறையாக வெட்டுவதுதான் ஆபத்து. அத்தைக்கு நடந்தது அதுதான்.

அடையாறு என்று சொன்னாலே எங்கள் வீட்டில் குரல் தணிந்துவிடும். ஆனால் அந்த இடம் எழும்பிய கதை தலை நிமிர்ந்து சொல்ல வேண்டியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். சீதபேதி என்று வைத்தியம் பார்த்து நாள் கடத்தி, புற்று என்று தெரியும்போது கைமீறியிருந்தது. அதாவது அங்கேயும் நோயாளி வைத்தியரிடம் போனாள், சரியான வைத்தியம் நேரத்துக்கு வரவில்லை. இந்த வியாதி வந்தால் சாகத்தானே போகிறார்கள், அவர்களுக்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்று கேட்ட காலத்தில், இந்திய மாதர் சங்கத்துப் பெண்களோடு சேர்ந்து காசு திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1954-ல் 12 படுக்கைகளோடு திறந்தது. மறு வருஷம் அங்கே வந்து சேர்ந்தவர் டாக்டர் சாந்தா. அரசு ஆஸ்பத்திரியில் கிடைத்த வேலையை விட்டுவிட்டு வந்தார். 2021 ஜனவரியில் கண்மூடும் வரை அந்த வளாகமே அவருக்கு வீடு. மகசேசே விருது, பத்ம விபூஷண் எல்லாம் அங்கே தேடி வந்தன. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இலவசமாகவோ குறைந்த செலவிலோ சிகிச்சை என்கிற ஏற்பாட்டை அத்தனை வருஷமும் காப்பாற்றினார்கள். அதன் அருமை பக்கத்துப் படுக்கையில் திருவண்ணாமலைப் பக்கத்துக் கூலிக்காரப் பெண்ணைப் பார்த்தபோது அத்தைக்குத் தெரிந்தது. மத்திய அரசு வேலையில் இருந்த அத்தைக்கும் அந்தப் பெண்ணுக்கும் அதே மருந்துதான் ஏறியது. இதை அத்தை வாழ்நாள் முழுக்கச் சொன்னார்.

மார்பு முழுவதும், அக்குளில் இருந்த நெறிகளும் எடுத்தார்கள். பிறகு கரண்ட் வைப்பது. கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். வாரத்துக்கு ஐந்து நாள், வாரக்கணக்கில். ஆவடியில் மின்சார ரயில் ஏறினால் அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம் என்று சென்ட்ரல். அங்கிருந்து பஸ். பறக்கும் ரயிலெல்லாம் அப்போது இல்லை. மேஜை மேல் படுப்பது சில நிமிஷம். அந்தச் சில நிமிஷத்துக்கு ஒரு பகல் போகும். கரண்ட் வைத்த இடம் கறுத்துத் தோல் எரியும், அதன்மேல் சேலை உரசும், பஸ்ஸில் முழங்கை இடிக்கும். லீவு தீர்ந்தபோது சம்பளப் பிடித்தத்தில்தான் போய்வந்தார்.

அதே காலத்தில், 1985-ல்தான், அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரின் ஆய்வு வெளிவந்தது. சின்னக் கட்டியாக இருக்கும்போதே பிடித்துவிட்டால் மார்பு முழுவதையும் எடுக்க வேண்டாம். கட்டியையும் சுற்றியிருக்கும் கொஞ்சம் சதையையும் எடுத்துக் கதிர்வீச்சும் கொடுத்தால் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை என்று காட்டினார். இத்தாலியில் வெரோனேசி 1981-லேயே இதைச் சொல்லியிருந்தார். ஆனால் மார்பைக் காப்பாற்றுகிற அறுவைக்குக் கதிர்வீச்சு கட்டாயம். தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்வர முடியாத பெண், "மொத்தமா எடுத்துடுங்க டாக்டர்" என்று சொல்லிவிடுகிறாள். அவள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள் என்று காகிதத்தில் பதிவாகும். பஸ் காசும் அன்றாடச் சம்பளமும் அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் இருந்தது எங்கேயும் பதிவாகாது. இப்போது பலருக்கு மூன்று வாரத்தில் கதிர்வீச்சை முடிக்கிறார்கள். ஒரே வாரத்தில் ஐந்து தடவையோடு முடிக்கலாம் என்று 2020-ல் இங்கிலாந்து ஆய்வு காட்டியது. லண்டன் பெண்ணுக்கு அது வசதி. பட்டாபிராமிலிருந்து வருகிறவளுக்கு அதனால் மார்பே மிஞ்சலாம்.

அத்தையின் கையைச் சொல்லாமல் விட முடியாது. அக்குள் நெறிகளை எடுத்துவிட்டால் கையிலிருந்து நிணநீர் வடிய வழி குறைந்துவிடும். அடுத்த வருஷமே இடது கை வீங்க ஆரம்பித்தது. வளையல் ஏறவில்லை, ரவிக்கைக் கையைப் பிரித்து ஒரு பட்டி வைத்துத் தைத்துக்கொண்டார். தையல்காரிக்கு இடது கைதான் துணியைத் தள்ளிக் கொடுக்கும் கை. கனத்த ராணுவத் துணியை நாள் முழுக்கத் தள்ளிய கை, சாயங்காலமானால் விம்மிக் கனக்கும். தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு படுப்பார். அந்தக் கையில் ஊசி போடக் கூடாது, பி.பி. பார்க்கக் கூடாது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். போகிற இடத்திலெல்லாம் அதை அவர்தான் நர்ஸுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் இரண்டு நெறியை மட்டும் எடுத்துச் சோதித்து, அதில் பரவல் இல்லையென்றால் மற்றதைத் தொடாமல் விடுகிற முறை இன்று இருக்கிறது. சீக்கிரம் வருகிறவளுக்குத்தான் அது. சீக்கிரம் கண்டுபிடியுங்கள் என்று போஸ்டர் ஒட்டுகிறோமே, உயிரை மட்டும் சொல்கிறோம். கையைச் சொல்வதில்லை. உழைக்கிற பெண்ணுக்குக் கையைச் சொன்னால் புரியும்.

ஓய்வு பெற்று ரொம்ப நாள் இருந்தார் அத்தை. இருபது வருஷத்துக்கு மேல். பேரன் பேத்தி எடுத்து, இதயக் கோளாறில் போனார். செக்கப்புக்கு அடையாறு போகும்போதெல்லாம் பையில் இஞ்ச் டேப் இருக்கும். அங்கே பழக்கமான பெண்களுக்குக் கடுகுப் பை தைத்துக் கொடுப்பார். பேர், ஊர் கேட்க மாட்டார், அளவு மட்டும் கேட்பார்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்தது அம்பத்தூர் வெங்கடாபுரம். அறுபதுகளில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வந்தபோது இங்கே லேத்துச் சத்தம்தான் என்பார் மாமனார். நான் வந்த பிறகு லேத்துப் பட்டறைகளுக்கு நடுவில் எக்ஸ்போர்ட் கம்பெனிகள் முளைத்தன. காலையில் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் லேடீஸ் பெட்டி மொத்தமும் இறங்கும். டிபன் பையும் ஐ.டி. கார்டுமாகப் பெண்கள் எஸ்டேட்டுக்குள் நடப்பார்கள். வெளிநாட்டுக்காரன் போடும் சட்டைக்குக் காலர் வைக்கிறவள், கை ஏற்றுகிறவள், நூல் பிசிர் வெட்டுகிறவள். அத்தையின் வேலைதான், அத்தைக்கு இருந்த அரசாங்கப் பாதுகாப்பு மட்டும் கிடையாது.

அக்டோபரில் சில கம்பெனிகளுக்கு ரோஸ் கலர் ரிப்பனோடு ஆட்கள் வருவார்கள். கேன்டீனில் அரை மணி நேரப் பேச்சு. கண்ணாடி முன் நின்று எப்படிப் பார்ப்பது, படுத்துக்கொண்டு எப்படித் தடவிப் பார்ப்பது என்று படம் போட்ட தாள். நல்ல காரியம்தான். ஆனால் இதில் ஒரு பெரிய ஆய்வை நாம் நினைவில் வைக்க வேண்டும். ஷாங்காயில் 500-க்கும் மேற்பட்ட ஜவுளி ஆலைகளில் வேலை செய்த 2 லட்சத்து 66 ஆயிரம் பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சுயபரிசோதனையை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்து, மறுபடி மறுபடி பயிற்சி கொடுத்து, பத்து வருஷம் பார்த்தார்கள். 2002-ல் முடிவு வந்தது. கற்றுக்கொண்டவர்கள், கற்றுக்கொள்ளாதவர்கள் இரண்டு பக்கமும் சாவு ஒரே அளவு. தன் உடம்பைத் தெரிந்து வைத்திருப்பதும் மாற்றம் தெரிந்தால் தாமதிக்காமல் காட்டுவதும் அவசியம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு தாளைக் கையில் கொடுத்து, இனி உன் பொறுப்பு என்று பெண்ணின் தலையில் கட்டிவிட்டுப் போனால் உயிர் மிஞ்சாது.

மும்பையில் டாடா மெமோரியல் மருத்துவமனைக்காரர்கள் வேறு மாதிரி செய்தார்கள். 1998-ல் ஆரம்பித்து, குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரையுள்ள ஒன்றரை லட்சம் பெண்கள். பத்தாவது படித்த உள்ளூர்ப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, அதில் பாதிப் பேருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அவர்கள் கையாலேயே மார்பகப் பரிசோதனை. மெஷின் கிடையாது. சந்தேகம் இருந்தால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்க் காட்டுவார்கள். இருபது வருஷம் காத்திருந்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். நோய் முற்றுவதற்குள் பிடிபட்டது அதிகம். 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் இந்த நோயால் வரும் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. அதற்குக் கீழே உள்ள வயதில் அந்தக் குறைவு தெரியவில்லை. நம் பெண்களுக்கு மேல்நாட்டைவிடப் பத்து வருஷம் முன்னாலேயே வருகிறது என்பதால் அந்த இளையவர்களுக்கு என்ன செய்வது என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. ஆனாலும் எனக்கு அந்த ஆய்வைப் படித்தபோது மனம் நிறைந்தது. பத்தாவது படித்த ஒரு பெண்ணின் பழகிய விரலும், அந்த விரல் சொன்னதை மதித்து உடனே கதவைத் திறக்கிற ஆஸ்பத்திரியும் சேர்ந்தால் போதும், அத்தனை தாய்மார்கள் பிழைப்பார்கள்.

நம் ஊரில் அந்தப் பழகிய விரல் ஏற்கெனவே இருக்கிறது. பூந்தமல்லியில் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கவென்றே பொது சுகாதார நிறுவனம் இருக்கிறது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரை, பி.பி. பார்க்கும் தொற்றா நோய்ப் பிரிவு நர்ஸ், 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்க்கும் மார்புக்கும் பரிசோதனை செய்வார். காசு கிடையாது. திரை போட்ட அறை, பெண் நர்ஸ், சில நிமிஷம். 2016-ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்படி ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. மும்பைக்காரர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பார்த்தார்கள். ஐந்து வருஷம் எனக்கு அதிகமாகப் படுகிறது. அதைவிடப் பெரிய சிக்கல் நேரம். நர்ஸ் இருக்கும் நேரத்தில்தான் எஸ்டேட்டில் ஷிஃப்ட் ஓடுகிறது. ஒரு பகல் சம்பளத்தை விட்டுவிட்டு, ஒன்றும் இல்லை என்று கேட்பதற்காக எந்தப் பெண் போவாள்? அந்த நர்ஸை மாதத்துக்கு ஒரு நாள் கம்பெனி கேன்டீனுக்கு அனுப்பலாம். ரிப்பனும் தாளும் வருகிற அதே கேன்டீனுக்கு.

சென்னையில் 1982-லிருந்து புற்றுநோய்ப் பதிவேடு வைக்கிறார்கள். ஆரம்பத்தில் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுதான் முதலிடம். இப்போது மார்பகம் அதைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. 2012 முதல் 2016 வரையிலான கணக்கில் லட்சம் பெண்களுக்கு வருஷத்துக்கு 42 பேர். நாடு முழுக்கப் பார்த்தால் 2022-ல் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பேருக்குப் புதிதாக வந்தது, 98 ஆயிரம் பேர் இறந்தார்கள். 2010-க்கும் 2014-க்கும் நடுவில் நோய் தெரிந்தவர்களில் ஐந்து வருஷம் கடந்தவர்கள் அமெரிக்காவில் நூற்றுக்கு 90 பேர், இங்கே 66. கட்டி ஒன்றுதான், மருந்தும் பெரும்பாலும் ஒன்றுதான். நடுவில் போகிற நாட்கள்தான் வேறு.

அந்த நாட்களைக் கணக்கெடுத்துத்தான் உலக சுகாதார நிறுவனம் 2023-ல் ஒரு வரையறை வைத்தது. வருகிறவர்களில் 60 சதவீதம் பேராவது முதல் இரண்டு கட்டத்துக்குள் இருக்க வேண்டும். முதல் தடவை வந்து காட்டிய நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் இன்னதென்று உறுதியாக வேண்டும். 80 சதவீதம் பேராவது சிகிச்சையைப் பாதியில் விடாமல் முடிக்க வேண்டும். மூன்றில் முதலாவதில் மட்டும்தான் பெண்ணின் கை இருக்கிறது. மற்ற இரண்டும் ஆஸ்பத்திரியின் பொறுப்பு, அரசாங்கத்தின் பொறுப்பு, முதலாளியின் பொறுப்பு.

திருமழிசைப் பக்கம் வீட்டு வேலை செய்துகொண்டிருந்த ஒரு அம்மா நினைவுக்கு வருகிறார். முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் வேண்டும். அவருடைய ரேஷன் கார்டு திண்டிவனம் பக்கம் ஊரில், மாமனார் பேரில். அதைப் பிரித்து வாங்க ஊருக்குப் போனவர் அறுப்புக் காலம் முடிந்துதான் திரும்பினார். அதற்குள் புண்ணாகிவிட்டது. அடுத்த மார்கழியைப் பார்க்கவில்லை. நோய் உறுதியான அன்றைக்கே சிகிச்சையைத் தொடங்கிவிட்டு, காகிதத்தைப் பின்னால் வாங்கிக்கொண்டால் என்ன குடி முழுகிவிடும்? காப்பீட்டுப் பணம் தாமதமாக வந்தால் ஆஸ்பத்திரி தாங்கும். கட்டி தாங்காது.

எதிர்வீட்டுப் பெண்ணின் கதை வேறு. எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனித் தையல்காரி, முப்பத்தெட்டு வயது. கட்டி பட்ட அந்த வாரமே என்னிடம் வந்து, "அக்கா, கொஞ்சம் தொட்டுப் பாருங்க" என்று கதவைச் சாத்தினாள். அத்தையின் ஐந்து மாதம் அவளிடம் ஐந்தே நாளாகச் சுருங்கியிருந்தது. எனக்குக் கண் கலங்கியது. அவளிடம் சொன்னது இரண்டு விஷயம்: ஊசிப் பரிசோதனை இல்லாமல் யாரையும் கத்தி வைக்க விடாதே, ஒவ்வொரு ரிப்போர்ட்டின் நகலையும் கையோடு வாங்கி ஒரே ஃபைலில் வை. கேட்டால் கொடுக்க வேண்டும். எழுதிக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைக் கொடுக்க வேண்டும் என்பது டாக்டர்களின் நடத்தை விதியிலேயே இருக்கிறது. ஆண் டாக்டர் பரிசோதிக்கும்போது கூட ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்பதும் அவள் உரிமை. 2018-ல் தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைப் பட்டியலில் இதெல்லாம் வருகிறது.

அவள் சீக்கிரம் வந்தாள். ஆனால் ஸ்கேனுக்குத் தேதி, ஊசிக்குத் தேதி, ரிப்போர்ட்டுக்குத் தேதி. புற்று என்று வந்த பிறகு அது எந்த வகை, ஹார்மோனுக்குக் கட்டுப்படுமா, ஹெர்2 என்கிற புரதம் இருக்கிறதா என்று இன்னொரு பரிசோதனை; அது தெரியாமல் மருந்தை முடிவு செய்ய முடியாது, அதற்கும் தேதி. ஒவ்வொரு தேதிக்கும் ஒரு நாள் சம்பளம். நடுவில் இ.எஸ்.ஐ.

தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யைப் பற்றி எஸ்டேட் பெண்களுக்குத் தெரிந்தது மாத்திரை வாங்குகிற டிஸ்பென்சரி மட்டும்தான். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அதில் மிகப் பெரிய பாதுகாப்பு இருக்கிறது. சாதாரண நோய்க்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம். புற்றுநோய் உட்பட 34 நீண்டகால நோய்களுக்கு, இரண்டு வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்திருந்தால், 80 சதவீதச் சம்பளம் இரண்டு வருஷம் வரை கிடைக்கும். இந்தப் பணம் இருந்தால்தான் ஒரு பெண் கீமோவைப் பாதியில் விடாமல் முடிப்பாள். எதிர்வீட்டுப் பெண் ஒன்பது வருஷமாகப் பணம் கட்டியவள். ஆனால் பழைய கம்பெனியை விட்டுப் புதுக் கம்பெனியில் சேர்ந்தபோது, அவளுடைய பழைய இன்சூரன்ஸ் நம்பரை வாங்கிப் பதியாமல் புதிதாக ஒன்று போட்டுவிட்டார்கள். கணக்குப்படி அவள் வேலையில் சேர்ந்து ஒரு வருஷம் சொச்சம்தான். இரண்டு நம்பரையும் இணைக்க மனு, பழைய கம்பெனியின் கடிதம், புதுக் கம்பெனியின் கடிதம். அவள் புருஷன் லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு இதற்காக அலைந்தான். முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சிகூட இறங்காமல் கிடந்த மாதங்களில் வீட்டுக்கு வந்தது அவள் தங்கையின் சம்பளம்.

பணம் வந்தது. தாமதமாக, மொத்தமாக. மார்பைக் காப்பாற்றி அறுவை செய்தார்கள், மூன்று வாரம் கரண்ட் வைத்தார்கள், அக்குளில் இரண்டு நெறியோடு நிறுத்திக்கொண்டார்கள். கை வீங்கவில்லை. இப்போது தினமும் ஒரு டேமாக்ஸிஃபென் மாத்திரை. விலை சில ரூபாய்தான், ஆனால் ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் விடாமல் போட வேண்டும். உடம்பு சரியாகிவிட்டது என்று நடுவில் நிறுத்துகிறவர்கள் உண்டு என்பதால், அவள் செல்போனில் ராத்திரி அலாரம் அடிக்கும்போது இங்கே என் வீட்டுக் கூடத்திலிருந்து நானும் குரல் கொடுப்பேன்.

வேலைக்குத் திரும்பிவிட்டாள். சூப்பர்வைசர் அவளை மிஷினிலிருந்து எடுத்துச் செக்கிங் டேபிளில் போட்டிருக்கிறார். மதியம் சாப்பாட்டு நேரத்தில் லைனில் இருக்கும் பெண்களின் இ.எஸ்.ஐ. கார்டை வாங்கி, ஒவ்வொருத்தியும் எந்தெந்தக் கம்பெனியில் இருந்தாள், எந்த நம்பரில் பணம் கட்டியிருக்கிறாள் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வருகிறாள். நாலு பேருக்கு இரண்டு நம்பர் இருந்தது. நாலு பேருக்கும் மனு எழுதியாகிவிட்டது. அடுத்தது ஃபினிஷிங் செக்‌ஷன் என்று போன ஞாயிற்றுக்கிழமை என்னிடம் சொன்னாள்.